உஷார்! நிழல் தரையில்தான் விழுகிறது

வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருக்கிறதா? அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒப்படைக்கச் சொல்லி 'நமது தேசிய நினைவுச்சின்னம்' என்று ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களா? அதுவும் சார்ட் பேப்பரில் படம் ஒட்டுகிற பழைய சமாசாரமாக இல்லாமல், நாலு பள்ளிகள் சேர்ந்து நடத்துகிற வெப்சைட்டில் ஏற்றப் போகிறார்களா? அப்படியானால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஒரு முறை படித்துப் பாருங்கள். ஏற்றின பிறகு பார்த்துப் பயனில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்பதாம் வகுப்பு. குழுவுக்கொரு நினைவுச்சின்னம் என்று பிரித்ததில் இவன் குழுவுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விழுந்திருக்கிறது. "எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க மாமா, நாளைக்கு அப்லோட் பண்ணணும்" என்றான்.

முதல் வரி: 'இக்கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது.'

அதற்குக் கீழே ஒரு புகைப்படம். அவனே அப்பாவின் செல்போனில் எடுத்தது. கார்த்திகை மாதத்துக் காலை வெயில். விமானத்துக்குப் பின்னால், கருவூர்த்தேவர் சந்நிதிப் பக்கம், தளத்தின் மேல் விமானத்தின் நிழல் கப்பல் போல நீண்டு கிடக்கிறது. கால் சுடாமல் இருக்க அந்த நிழலுக்குள்ளேயே ஒதுங்கி நிற்கிறாள் அவன் தங்கை.

"இது என்னடா?" என்று நிழலைத் தொட்டுக் காட்டினேன்.

"நிழல்."

"எதோட நிழல்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "ஆனா மாமா, பத்து வெப்சைட்ல விழாதுன்னுதான் போட்டிருக்கு."

எனக்குப் பகீரென்றது அங்கேதான். பையன் பொய் எழுதினான் என்றால் ஒரு அதட்டல் போட்டு முடித்திருப்பேன். தன் கண்ணால் பார்த்து, தன் கையால் படம் எடுத்து, அதற்கு மேலேயே அதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறான். பத்து வெப்சைட் சொன்னால் கண் தோற்றுவிடுகிறது.

அந்தப் பத்தையும் திறக்கச் சொன்னேன். வாக்கியம் மாறவில்லை. நாலு இடத்தில் 'விழாதாவாறு' என்ற ஒரே எழுத்துப் பிழை. யாரோ ஒருவர் எப்போதோ அவசரத்தில் தட்டியதை மற்றவர்கள் அப்படியே வழித்து எடுத்திருக்கிறார்கள். பத்து சாட்சி என்று நினைத்தது ஒரே சாட்சி. அதிலும் ஒன்று, வேறு ஏதோ ஊரில் மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் செய்து ஏற்றிய பள்ளி ப்ராஜெக்ட். இவன் எழுதியது நாளைக்கு ஏறினால், அடுத்த வருஷம் எங்கேயோ ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இது பதினோராவது சாட்சி.

நிழல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விமானம் மேலே போகப் போகக் குறுகுகிறது. சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் நிற்பது வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். அந்த நாட்களின் நண்பகலில் நிழல் விமானத்தின் அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். கூம்பாகக் கட்டிய எதற்கும் அப்படித்தான். மார்கழி நண்பகலில் போய்ப் பாருங்கள், வடக்குப் பக்கம் தரையில் தாராளமாக விழுந்திருக்கும். காலை, மாலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? அதை 'அதிசயம்' என்று ஒரு வரியில் எழுதிக் கொன்றுவிட்டார்கள்.

அடுத்து எழுத்துக் கணக்கு. வாட்ஸ்அப் வைத்திருக்கும் எவருக்கும் இது வந்திருக்கும். லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. பீடம் 18 அடி, மெய்யெழுத்து. விமானம் 216 அடி, உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் நடுவே 247 அடி, மொத்தத் தமிழெழுத்து. படிக்கிறபோது எனக்கே புல்லரிக்கத்தான் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். பையன் இதைத் தடித்த எழுத்தில், நீலப் பெட்டி போட்டு வைத்திருந்தான்.

சரி, அந்த நந்தி எப்போது வந்தது? இன்று நாம் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிற பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. கோயிலைக் கட்டிய ராஜராஜனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்து உட்கார்ந்த நந்திக்கு ராஜராஜன் எப்படி 247 அடி விட்டு வைத்திருப்பான்? அது போகட்டும். இந்த 'அடி' யாருடையது? வெள்ளைக்காரன் கொண்டுவந்த பன்னிரண்டு அங்குல அடி. அந்தக் கோயில் கல்வெட்டுகளைத் திறந்தால் செப்புத் திருமேனிகளின் உயரம் முழத்திலும் விரலிலும் தோரையிலும் சொல்லியிருக்கிறது. தோரை என்றால் ஒரு நெல்மணி அளவு. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு கல், நகைகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்று இன்னொரு கல். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்த மனிதனைப் பிரிட்டிஷ் ஸ்கேலைக் கையில் கொடுத்து நிற்க வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு அந்த 216-ம் நிற்காது. 216 அடி கிட்டத்தட்ட 66 மீட்டர். அளவெடுத்தவர்கள் 60 மீட்டரை ஒட்டிய எண்களைத் தருகிறார்கள்.

உச்சி 80 டன் ஒற்றைக்கல் என்பதும் இதே ரகம்தான். பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் பியேர் பிஷார் இந்தக் கோயிலை அங்குலம் அங்குலமாக அளந்து 1995-ல் ஒரு நூலாகவே கொண்டுவந்தார். அந்த நூலின்படி உச்சியில் இருக்கும் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. கீழேயிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இணைத்தது தச்சர்களின் சாமர்த்தியம். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானையை வைத்து அந்தக் கல்லை இழுத்த கதை ஊர்ச் செவிவழிச் செய்தி. அதை 'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுதினால் ஒரு குற்றமும் இல்லை. 'இழுத்தார்கள்' என்று எழுதும்போதுதான் வம்பு. நந்தி வளர்ந்துகொண்டே போனது, ஆணி அடித்து நிறுத்தினார்கள், உள்ளே தேரை இருந்தது, இதையெல்லாம் நான் தொடவே போவதில்லை.

"அப்போ எழுதறதுக்கு என்னதான் மாமா இருக்கு?" என்றான் பையன். முகம் தொங்கிவிட்டது. நியாயமான கேள்வி.

தஞ்சாவூர் வண்டல் பூமி. கருங்கல்லே கிடையாது. அத்தனை கல்லும் வெளியூரிலிருந்து வந்தது. அதை எழுதலாமே. தன் ஆட்சியின் 25-ம் ஆண்டு 275-ம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்த குடத்தை ராஜராஜன் கொடுத்தான் என்று கல்லில் நாள் குறித்து வைத்திருக்கிறது; கணக்குப் போட்டால் 1010-ம் ஆண்டு. எத்தனை கோயிலுக்கு இப்படி நாள் தெரியும்? குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று கட்டியவனின் பெயர் இருக்கிறது. தெற்கு, வடக்குத் தளிச்சேரிகள் என்ற கோயில் குடியிருப்புகளில் குடிவைத்த 400 ஆடல் பெண்களின் பெயர் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று வரிசையாக இருக்கிறது. குழல் ஊதுகிறவர், கணக்கர், தையல்காரர், நாவிதர்வரை பட்டியல் நீள்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு நம் பிள்ளைகள் தேரையை எழுதுகிறார்கள்.

கோயிலின் பெயர்கூட அப்படித்தான். கல்வெட்டில் ராஜராஜீஸ்வரம். பிரகதீஸ்வரர் என்பது பின்னால் வந்த வழக்கு. 'ராஜராஜன் பிரகதீஸ்வரர் கோயிலைக் கட்டினான்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அம்மன் சந்நிதி பாண்டியர் காலம், முருகன் சந்நிதி நாயக்கர் காலம், மதிலை ஒட்டிய சுவரில் மராட்டியர் வரலாறு 1803-ல் வெட்டியது என்று ஒரே வளாகத்துக்குள் ஆளாளுக்குக் கைவைத்திருக்கிறார்கள். இவன் பக்கத்தில் எல்லாம் 1010.

இது இன்றைக்கு வந்த நோய் என்று நினைத்தால் அதுவும் தப்பு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் நின்று 'இந்தக் கோயிலைக் கட்டியது யார்' என்று கேட்டிருந்தால் ராஜராஜன் என்ற பதில் கிடைத்திருக்காது. கரிகாலன் என்றிருப்பார்கள். அவனுக்குத் தொழுநோய், இந்தக் கோயிலைக் கட்டியதும் தீர்ந்தது என்று தலபுராணம் சொல்லிற்று. ராஜராஜன் பெயர் சுவரெங்கும் வெட்டியிருக்கிறது. அதன் கீழே நின்றுகொண்டே ஊர் முழுக்கக் கரிகாலன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1886-ல் மதராஸ் அரசாங்கத்தின் கல்வெட்டு ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார் ஹூல்ஷ் என்ற ஜெர்மன்காரர். வெங்கய்யா போன்ற உதவியாளர்களோடு அந்தச் சுவர்களைப் படியெடுத்துப் படித்தார். அதன் பிறகுதான் கட்டியவனுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. அப்போது கதையைப் பரப்ப ஏட்டுச்சுவடியும் வாய்ச்சொல்லும்தான். இப்போது விரல் நுனி போதும்.

விரல் நுனி என்றதும் இன்னொரு உஷார். பையனின் குழுவில் ஒருத்தி கேள்வியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டிருக்கிறாள். மணிமணியாகப் பதில் வந்திருக்கிறது. 'ஆதாரம் கொடு' என்றதும் ஒரு புத்தகப் பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண் உட்படக் கொடுத்திருக்கிறது. நான் தேடினேன். அப்படியொரு புத்தகமே இல்லை. பக்க எண்ணைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அதே செயலியில் வரைந்த படம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள்: சரிவுப் பாதையில் யானைகள், மேலே கல், ஓரத்தில் கிரீடத்தோடு ராஜராஜன். கீழே 'பழங்கால ஓவியம்' என்று தலைப்பு. உண்மையான சோழர் ஓவியம் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்ணில் பட்டது. அந்தச் சுவரில் இருக்கும் நிஜ ஓவியமும், போன செவ்வாய்க்கிழமை செயலி போட்டதும் இனிமேல் தேடலில் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

பிள்ளைகளை நேரில் கோயிலுக்குக் கூட்டிப் போகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் அங்கேயும் கொஞ்சம் கண் வையுங்கள். கல்வெட்டு எழுத்து புரியவில்லை என்று ஒரு கூட்டம் சாக்பீஸைத் தேய்க்கிறது. இன்னொரு கூட்டம் பிரசாதத் திருநீற்றை எடுத்து அப்புகிறது. எழுத்து வெள்ளையாக எடுப்பாகத் தெரியும், போட்டோவும் அழகாக வரும். ஆயிரம் வருஷத்துக் கல்லில் தினமும் நாலு கை தேய்த்தால் என்ன ஆகும் என்று வாசல்படியைப் பார்த்தாலே தெரியும். தேய்க்கவே வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரம் போனால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கித் தானாகவே தெரியும். நடுப்பகலில் போனால் ஒரு டார்ச்சை ஓரமாகச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

பெயர் கிறுக்குவதைப் பற்றிச் சொல்லவும் கூசுகிறது. வாசலில் நிற்கிற தொல்லியல் துறையின் நீலப் பலகையை எத்தனை பேர் படிக்கிறோம்? 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது' என்று அது சொல்வது 1958-ம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2010 திருத்தத்துக்குப் பிறகு, சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். ட்ரைபாட் வைத்துப் படமெடுக்கவும் வேண்டும். 'மாமா வீட்ல ட்ரோன் இருக்கு, மேலேர்ந்து ஒரு ஷாட் எடுத்துட்டா வெப்சைட் சூப்பரா இருக்கும்' என்று உங்கள் பிள்ளையும் கேட்கும். கேட்டால் தரையிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவது கோயிலுக்கு வெளியே. ஆனால் என் வயிற்றைக் கலக்கியது இதுதான்.

பையனின் பக்கத்தில் கடைசியில் 'எங்கள் குழு' என்று ஒரு பகுதி. ஐந்து பிள்ளைகள், சீருடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க. படத்தைப் பெரிதாக்கினேன். அட்டையில் பெயர், வகுப்பு, ரத்த வகை, அப்பாவின் செல்போன் எண் எல்லாம் படிக்க முடிகிறது. ஒரு பெண் பிள்ளையின் அட்டையில் வீட்டு முகவரியும். 400 ஆடல் பெண்களின் வீட்டு வரிசையை ராஜராஜன் கல்லில் வெட்டினான் என்றால் அது நெல் அளக்கிற பட்டியல். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கதவு எண்ணை உலகத்துக்கு வெட்டிக் காட்ட நமக்கு என்ன அவசியம்? 18 வயதுக்குள் இருப்பவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. சட்டம் கிடக்கட்டும், அந்த அப்பாவிடம் யாராவது கேட்டார்களா? அக்காவைக் கேட்டேன். அவளுக்கு இப்படியொரு படம் எடுத்ததே தெரியாது.

இன்னொன்று. எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து தட்டுகிற பொது ஆவணத்துக்கு, லிங்க் கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த லிங்க் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தேன். பெயரில்லாத யாரோ ராத்திரி பதினொன்றரைக்கு உள்ளே வந்து, கட்டியவன் பெயரை அழித்துத் தனக்குப் பிடித்த நடிகர் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதற்குச் சிரித்துவிட்டேன். அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி சில வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு வெப்சைட் முகவரியை ஒரு வருஷத்துக்குக் காசு கட்டி வாங்கியது. பொறுப்பு ஆசிரியர் மாற்றலாகிப் போனார். புதுப்பிக்க ஆளில்லை. காலாவதியான முகவரியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். இன்றும் அந்தப் பள்ளியின் பழைய ஆண்டு மலரில் அச்சாகியிருக்கிற முகவரியைத் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. உங்கள் பள்ளி ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முகவரி யார் பெயரில் இருக்கிறது, அடுத்த வருஷம் யார் பணம் கட்டுவார்கள்?

அன்று ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தோம். குழுப் படத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகள் முதுகு காட்டி விமானத்தை அண்ணாந்து பார்க்கிற படம் ஒன்றைப் போட்டான். இணையத்திலிருந்து உருவியிருந்த ஆறு படங்களில் யார் எடுத்தது என்று தெரியாத நாலைத் தூக்கினோம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, ஹூல்ஷ் பதிப்பித்ததே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 400 பேர் பட்டியலைத் திறந்து வைத்து, பங்குக்கு 100 கலம் என்றால் மொத்தம் எத்தனை என்று பெருக்கினான். நாற்பதாயிரம். "மாமா, இவ்வளவு நெல்லை எங்க வெச்சிருப்பாங்க?" என்றான். வந்ததிலிருந்து அவனாகக் கேட்ட முதல் கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. அப்படியே அந்தக் கேள்வியை அவன் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

நிழல் வரியை அவனே அழித்தான். அதே படத்துக்குக் கீழே, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது, நிழல் எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்று எழுதினான். தங்கையின் முகம் தெரியாமல் ஓரத்தை வெட்டினான். அவள் இரண்டு நாள் பேசவில்லையாம்.

நேற்று வெப்சைட் திறந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நிழல் படம் இருக்கிறது. நெல் கேள்வி இருக்கிறது. யானைப் படத்துக்குக் கீழே 'கற்பனைப் படம்' என்று திருத்தியிருக்கிறார்கள். கீழே இறங்கினால் அந்த நீலப் பெட்டி, தடித்த எழுத்தில் 12, 18, 216, 247. பையனுக்குப் போன் போட்டேன்.

"நான் எடுத்துட்டேன் மாமா. மிஸ்தான் திரும்பப் போட்டுட்டாங்க. விழாவுல அதைத்தான் வாசிக்கப் போறாங்களாம்."